சீவிய உருத்தும் பதினொரு கிண்ணங்களும்

1

அவைத்தலைவர் இல்லாத சபைக்கும், நேரம் முடிந்ததென மணியடிக்க ஆளில்லாத மேடைக்கும் பழகிவிட்ட ஒருவன், திருகோணமலையில் என்னோடு மேடையேறிய நண்பர்களாகிய உங்களுக்கு இலண்டனிலிருந்து எழுதுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வெற்றிக்கிண்ணம் தந்தார்கள். நான் வேலை செய்யும் நகரசபையின் வீட்டுவசதிப் பகுதி, வருடாந்தத் தேநீர் விருந்தில் ஊழியர் ஒருவரை இப்படிக் கௌரவிப்பது வழக்கம். அன்றோடு நான் அங்கே சேர்ந்து மூன்று ஆண்டுகள் நிறைந்தன. கைதட்டினார்கள். வெள்ளைக்காரர் கைதட்டுவது மழை தூறுவதைப் போல. நனையவும் மாட்டோம், நனையவில்லை என்று சொல்லவும் முடியாது.

எதற்காகக் கிண்ணம்? பேச்சுக்காகத்தான். பிள்ளைகள் பிரிந்துபோன பின்னும் மூன்று அறை, நான்கு அறை கொண்ட நகரசபை வீடுகளில் தனித்திருக்கும் முதியவர்களைத் தேடிச் சென்று, ஓரறை வீட்டுக்குக் குடிமாறச் சம்மதிக்க வைப்பது என் வேலை. காலியாகும் வீட்டுக்குச் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பம் ஒன்று வரும். நியாயமான வேலை. நியாயத்துக்குச் சாட்சியாக நகரசபை எனக்கு நான்கு பிரதிகள் கொண்ட படிவமும், மூன்று நிற லேபல்களும் தந்திருக்கிறது. கொண்டுபோகும் பொருளுக்குப் பச்சை. கொடுத்துவிடும் பொருளுக்கு மஞ்சள். எறியும் பொருளுக்குச் சிவப்பு. ஒரு மனிதரின் ஐம்பது ஆண்டுகளை இந்த மூன்று நிறத்துக்குள் அடக்க எனக்கு ஒரு முற்பகல் போதும்.

தொடக்கத்தில் சற்றே தடுமாறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதற் கிழமையில் ஒரு முதியவரை, நம் மேடை வழக்கப்படி, 'வணக்கத்துக்குரிய பெரியவரே' என்று ஆங்கிலத்தில் விளித்தேன். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பாதிரியார் எவரேனும் நிற்கிறாரா என்று பார்த்தார். அதன்பின் பெயர் சொல்லியே அழைக்கப் பழகினேன்.

என் பட்டியலில் நெடுநாள் அசையாமலிருந்தவர் திருமதி ஹோல்ட் ஒருவரே. கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒஸ்திரேலியாவுக்குப் போனவன். அவனுடைய தூண்டில்களுக்காகவும் பாதி ஒட்டிய விளையாட்டுக் கப்பல்களுக்காகவும் ஓர் அறையைத் திருமதி ஹோல்ட் தினமும் தூசு தட்டி வந்தார். சென்ற ஆண்டு அந்த அறையின் வாசலில் நின்று நான் ஆற்றிய உரை, நானே சொல்லக்கூடாது, சிறப்பாகவே இருந்தது. 'அம்மணி, அறை என்பது வாழ்பவருக்காக, வராதவருக்காக அல்ல. மகன் தேடுவது உங்களை, தூண்டிலை அல்ல.'

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்:

"உன் தாய் தந்தை எங்கே இருக்கிறார்கள்?"

"திருகோணமலையில். இலங்கையின் துறைமுக நகரம். மூன்று பெண்பிள்ளைகளுக்கு மூன்று வீடுகள் எழுதிக்கொடுத்தவர்கள்" என்றேன், சற்று நிமிர்ந்து.

"மூன்றையும் கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?"

நான் படிவத்தைப் புரட்டினேன். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று அறிவிக்க அங்கே அவைத்தலைவர் இல்லை.

2

முதியவர்களைச் சிறிய வீட்டுக்கு அனுப்ப நம் ஊரில் நகரசபை தேவையில்லை. ஒரு மாப்பிள்ளை போதும். மகளுக்குக் கல்யாணம் என்றால் குடியிருக்கும் வீடு அவள் பேருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவார். பெற்றோர் பெட்டியோடு இறங்குவார்கள். படிவம் இல்லை, லேபல் இல்லை, மேலதிகாரி இல்லை. மேளமும் நாதஸ்வரமும் வாசித்து முதியவர்களை வெளியேற்றும் இந்த ஏற்பாட்டை இலண்டன் நகரசபை இன்னும் அறியவில்லை. அறிந்தால் எனக்கு வேலை போய்விடும்.

அப்பா கப்பல்தளத்துக் களஞ்சியத்தில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். துறைமுகம் தெரியும் ஒழுங்கையில் அவர் கட்டிய முதல் வீடு பெரியக்காவுக்குப் போனது. அம்மா தன் கல்யாணக் கட்டிலை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினார். இரண்டாவது வீடு சின்னக்காவுக்கு. அங்கே அம்மியையும் ஊஞ்சலையும் விட்டார். மூன்றாவது, இரண்டு அறையும் குசினியும் பின்புறத்தில் ஒட்டிக்கட்டிய ஒரு சிற்றறையும் கொண்ட வீடு. அது என் தங்கை வசந்திக்கு. நான்காவது வீடு கட்ட அப்பாவிடம் காணியும் இல்லை, காலமும் இல்லை. ஆகவே பெற்றோர் அந்தப் பின்னறையில் இருப்பது என்று முடிவு. அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: சீவிய உருத்து. வீடு மகளுடையது, ஆனால் உயிர் உள்ளவரை அங்கே குடியிருக்கும் உரிமை பெற்றவர்களுடையது. சீதன உறுதிப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி.

அந்த ஆண்டு எனக்கு இருபத்திரண்டு வயது. 'சீதனம் ஒழிக்கப்பட வேண்டும்' என்ற விவாதப்போட்டித் தலைப்பில் முதற்சுற்றில் ஒழிக்க வேண்டும் என்றும், இறுதிச்சுற்றில் ஒழிக்கக்கூடாது என்றும் பேசி, இரண்டிலும் வென்று, பதினோராவது கிண்ணத்தோடு வீடு வந்திருந்தேன். அத்தகைய ஒருவன் வீட்டில் இருக்கும்போது உறுதி எழுதும் நொத்தாரிசு வந்து அதை வாசித்தால் என்ன நடக்கும்? நடந்தது.

சீவிய உருத்து என்ற வரி வந்ததும் எழுந்தேன். "கொடை என்பது கையை விரிப்பது. விரித்த கையில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு கொடுப்பது கொடையா, குத்தகையா? கொடுத்தால் முழுதாகக் கொடுப்போம். பெற்ற மகளோடு நமக்கு எதற்கு நிபந்தனை? அன்பு இருக்கும் வீட்டில் அந்த ஒரு வரி தேவையில்லை. அன்பு இல்லாத வீட்டில் அந்த ஒரு வரி போதாது!"

மாப்பிள்ளையின் மாமன் தொடையில் தட்டினார். "அட, தம்பியின்ர கதையைப் பாருங்கோவன்! இப்பிடி ஒரு பிள்ளை இருக்க வேணும்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. களஞ்சியத்தில் ஓர் ஆணியைக்கூடக் கையெழுத்தில்லாமல் வெளியே விடாத மனிதர், "நொத்தாரிசு ஐயா, அந்த வரியை வெட்டி விடுங்கோ" என்றார்.

குசினி வாசலில் நின்ற அம்மா கேட்டார்: "பேச்சு நல்லாத்தான் இருக்கு தம்பி. அப்ப நாங்க எங்க படுக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான். அடுத்த ஆண்டு கப்பலேறினேன்.

3

திருமதி ஹோல்ட் கேட்ட கேள்விக்கு விடை, மறுமாதம் விமானத் தபாலில் வந்தது. அப்பா களஞ்சிய மொழியில் எழுதியிருந்தார்.

'மாப்பிள்ளைக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. வீட்டை வாடகைக்குக் கேட்பவர்கள் பின்னறையோடு முழுவீட்டையும் கேட்கிறார்கள். ஆகையால் நானும் அம்மாவும் கட்டைபறிச்சானில் எனது தமக்கையின் வளவிலுள்ள அறைக்குப் போகத் தீர்மானித்துள்ளோம். அம்மாவுக்குத் தொய்வு பரவாயில்லை. உன் கிண்ணங்கள் உள்ள கண்ணாடி அலுமாரியை லோஞ்சில் ஏற்றினால் கண்ணாடி தாங்குமா என்று தெரியவில்லை. தக்க ஆலோசனையை மறுதபாலில் அறியத் தருக.'

உங்களில் கட்டைபறிச்சானுக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல ஊர். நெல்லுக்கும் மீனுக்கும் குறையில்லை. ஆனால் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கிறது, ஆஸ்பத்திரி இக்கரையில். அம்மாவுக்கு மூச்சு முட்டும் நாட்களில் கடல் கொந்தளிக்காமலிருக்க வேண்டும், குடாவைக் கடக்கும் லோஞ்ச் படகு பழுதாகாமலிருக்க வேண்டும். சுமார் அறுபது முதியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு அருகே, பஸ் தரிப்பிடத்துக்கு அருகே என்று பார்த்துப் பார்த்து அறை பிடித்துக் கொடுத்தவனுடைய தாய்க்கு வாய்த்த இடம் அது. வாய்த்தது எப்படி என்பதும் எனக்குத் தெரியும். ஒரு விரலை மடக்க விடாமல் விரித்தவன் நானல்லவா?

லீவுப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'முதியோர் இருவரின் குடிமாற்றம்' என்று எழுதினேன். அலுவலக வேலைக்கு எதற்கு லீவு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 'முதியோர்' என்பதை வெட்டிப் 'பெற்றோர்' என்று எழுதினேன். சம்மதித்தார்கள்.

4

நிபுணன் வந்திறங்கினான். பெட்டியில் மூன்று நிற லேபல்கள்.

"இதென்ன, பொங்கலுக்குத் தோரணமோ?" என்றார் அம்மா.

முறையை விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பச்சை லேபலை எடுத்து நாக்கில் நனைத்து, கதிரையில் இருந்த அப்பாவின் தோளில் ஒட்டினார். "இதைக் கொண்டுபோறதெண்டு வைச்சிருக்கிறன். மிச்சத்துக்கு நீ ஒட்டு."

"எனக்கு மஞ்சள் வருமெண்டெல்லோ பயந்துகொண்டிருந்தனான்" என்றார் அப்பா.

ஒட்டத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. ஒரு கட்டில், இரண்டு கதிரை, ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஏழெட்டுச் சட்டி பானை. என் உத்தியோக வாழ்வில் இவ்வளவு குறைவாகப் பொருள் வைத்திருந்த வீட்டாரை நான் கண்டதில்லை. ஒவ்வொரு மகளுக்கும் இறங்கிக் கொடுத்தபோதே அம்மா எறிவதை எறிந்து, கொடுப்பதைக் கொடுத்து முடித்திருந்தார். எனக்குச் செய்ய வேலையே வைக்கவில்லை.

ஒன்றைத் தவிர. அறையில் பாதியை அடைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடி அலுமாரி நின்றது. உள்ளே, துடைத்துத் துடைத்து முலாம் மங்கிய பதினொரு கிண்ணங்கள். சின்னக்கா வீட்டிலிருந்து அதைச் சுமந்து வந்திருக்கிறார்கள். அம்மி வரவில்லை; ஊஞ்சல் வரவில்லை; அலுமாரி வந்திருக்கிறது. அறையில் ஒற்றைக் கட்டில்தான் கொள்ளும். அதில் தொய்வுக்காரி அம்மா. அப்பா பாயில். இரண்டாவது கட்டில் போட வேண்டிய இடத்தில், பதினொரு கிண்ணங்களாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அதுக்கு என்ன நிறம், தம்பி?" என்று அம்மா கேட்டார்.

லேபல் தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

அன்று பின்னேரம் தங்கையின் கணவரை முன்விறாந்தையில் மடக்கினேன். மூன்று அம்சங்கள் தயாராக இருந்தன: மனிதநேயம், மருத்துவம், மரபு. முதல் அம்சத்தில் பாதி வருவதற்குள் அவர் மரியாதையோடு கையை உயர்த்தினார்.

"மச்சான், குறை நினைக்காதையுங்கோ. அண்டைக்கு நீங்கள் பேசினதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. 'விரித்த கையில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு கொடுப்பது கொடையா, குத்தகையா?' என்ன மாதிரி ஒரு பேச்சு! ஒபிசில எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன் தெரியுமே?"

ஒரு சொல் பிசகாமல் சொன்னார். வாழ்நாளில் எத்தனையோ எதிரணியினரைச் சந்தித்திருக்கிறேன். என்னிடமே தோற்றது அன்றுதான். அவர் கெட்டவருமல்லர். மாமாவும் மாமியும் ஒன்றும் கேட்கவில்லை, கட்டைபறிச்சானுக்குப் போவதாக அவர்களாகவே சொன்னார்கள் என்றார். உண்மை. கொடுத்த வீட்டில் வாய்திறந்து இடம் கேட்கும் பழக்கம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லை. பெரியக்கா கூப்பிட்டபோதுகூட, "குடுத்த வீட்டில போய் நான் எப்பிடி அடுப்பு மூட்டுறது?" என்று மறுத்தவர் அம்மா.

அப்போது தங்கை தேநீர் கொண்டுவந்தாள். தட்டை வைத்தவள் போகவில்லை.

"அண்ணா, ஒண்டு கேக்கட்டோ? இந்த வீடு ஆற்ற பேரில?"

"உன்ர பேரில."

"அண்டைக்கு உறுதி எழுதேக்க இவற்ற மாமனைப் பாத்துப் பேசினியள். இண்டைக்கு இவரைப் பாத்துப் பேசுறியள். என்னட்ட எப்ப பேசப் போறியள்?"

நம் வழக்கம் வீட்டைப் பெண்ணுக்கு எழுதும்; வீட்டைப் பற்றிய பேச்சை ஆண்களுக்குள் வைத்துக்கொள்ளும். சீதனத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசிப் பரிசு வாங்கிய எனக்கு, இரண்டு பேச்சிலும் இந்த ஒரு வாதம் அகப்படவில்லை.

"நீங்கள் அப்பிடிப் பேச அப்பாவும் ஓம் எண்டார்" என்றாள் வசந்தி. "அவைக்கு இஞ்ச இருக்க விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு நான் வாயைத் திறக்கேல்லை. விருப்பமெண்டால் நான் இண்டைக்கே எழுதித் தாறன். சாகுமட்டும் அந்த அறை அவையின்ரதான்."

"முழுவீடும் வேணுமெண்டெல்லோ வாடகைக்காரர்..." என்று கணவர் தொடங்கினார்.

"அப்ப வேற ஆளைப் பாருங்கோ."

அவர் தேநீரைப் பார்த்தார்.

"ஆனால் அண்ணா, ஒரு நிபந்தனை" என்றாள். அந்தச் சொல்லை அவள் சற்று அழுத்தியே சொன்னாள். "அறையில ரெண்டு கட்டில் போட வேணும். அலுமாரியை நான் எடுக்கிறன், உடுப்பு வைக்க. கப்புகளை நீங்கள் எடுங்கோ."

மறுநாள் காலை, பழைய போத்தலும் இரும்பும் வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி கிண்ணியா நானாவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கிண்ணத்தை நகத்தால் சுரண்டினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளியுமில்ல, பித்தளையுமில்ல தம்பி. தகரத்துக்கு முலாம். இதுக்கா இவ்வளவு நாள் தொண்டை கிழியக் கத்தினீங்க?"

"சும்மா கொண்டுபோங்கோ நானா."

"சும்மாவெண்டா சரி. தூக்கிற கை நோவு என்ர கணக்கில."

ஒன்பது சாக்குக்குள் போயின. ஒன்றை அப்பா ஆணி போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். பதினோராவதை, சீதனத்துக்காகவும் சீதனத்துக்கு எதிராகவும் நான் வென்றதை, அம்மா அரிசி அளக்க வைத்துக்கொண்டார். வழக்கமான அளவுச் சுண்டிலும் சிறிது கூடக் கொள்ளுமாம்.

5

மேடைப் பயிற்சியின் முதற்பாடம், வலிமையான பகுதியைக் கடைசிக்கு வைப்பது. ஆகவே நொத்தாரிசுவின் மேசையைச் சற்று நிறுத்திவைத்து, திருமதி ஹோல்ட்டை முதலில் முடித்துவிடுகிறேன்.

இலண்டன் திரும்பியதும் அவரிடம் போனேன். உரை எதையும் கொண்டுபோகவில்லை. அவருடைய கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொன்னேன்: உறுதி, அலுமாரி, கிண்ணியா நானா எல்லாவற்றையும். தேநீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். பிறகு மகனுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டார். எழுதினோம்: உன் பொருட்களை வந்து எடுக்கிறாயா, என்ன செய்வது என்று சொல்கிறாயா? ஆறு கிழமைக்குப் பின் ஒரு படத்தபால் அட்டை வந்தது. 'அவையெல்லாம் இன்னுமா இருக்கின்றன? எறிந்துவிடுங்கள்.' அட்டையின் மறுபக்கத்தில் அழகான ஒரு துறைமுகம்.

திருமதி ஹோல்ட் சிவப்பு லேபல்களை என் கையிலிருந்து வாங்கித் தாமே ஒட்டினார். ஒரு தூண்டிலுக்கு மட்டும் பச்சை கேட்டார். ஓரறை வீட்டில் தூண்டில் வைக்க இடமில்லை என்று விதியில் இருக்கிறது. நான் விதியை வாசிக்கவில்லை. சென்ற மாதம் அவர் குடிமாறினார், என் பட்டியல் நிறைந்தது, நிறைந்ததற்காகக் கிண்ணம். எனது அறையில் அதை வைக்க யன்னல் விளிம்பு ஒன்றுதான் உண்டு. வைத்தால் யன்னல் திறக்காது.

இனி, நான் ஊரைவிட்டுப் புறப்படுமுன் கண்ட நொத்தாரிசுவின் மேசை.

அதே நொத்தாரிசு. அதே மூக்குக்கண்ணாடி. வசந்தியைப் பார்த்துத்தான் இம்முறை வாசித்தார்: 'எனது தகப்பனாரும் தாயாரும் தத்தம் சீவிய காலம் முழுவதும் மேற்படி வீட்டின் பின்னறையிலும், கிணற்றிலும், வழிவாய்க்காலிலும் எவ்விதத் தடையுமின்றிக் குடியிருந்து அனுபவிக்கவும்...' வாசித்து நிறுத்தியவர், கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். தங்கையின் கணவர் என்னைப் பார்த்தார். அப்பா, என் பேச்சுக்குக் கண்கலங்கி ஒரு வரியை இழந்த மனிதர், ஆவலோடு கேட்டார்:

"தம்பி, ஏதேனும் சொல்லப் போறியோ?"

தொண்டை வரை வந்தது. மூன்று அம்சங்கள், இரண்டு உவமைகள், முடிவுரைக்கு ஓர் அடுக்குமொழி.

"இல்லை" என்றேன்.

வசந்தி கையெழுத்து வைத்தாள்.

வாசற்படியோரம் இருந்த கதிரையில் அம்மா இருந்தார். என் பதினொரு வெற்றியில் ஒன்றுக்கும் அவர் மண்டபத்துக்கு வந்ததில்லை. சமைக்க ஆளில்லை என்பார். அன்று கைப்பையை மடியில் வைத்துவிட்டு, யாரையும் பாராமல், மெதுவாக இரண்டு முறை கைதட்டினார்.

அந்த ஒற்றைச்சொல் பேச்சுக்கு எவரும் கிண்ணம் தரவில்லை. தந்திருந்தாலும் வைக்க இடமில்லை; அங்கே இப்போது அப்பாவின் கட்டில் கிடக்கிறது.